பாதிச் சுவரும் பனியனும்

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்து பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. அதற்குள் டெலிபோன் ஆபரேட்டர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.

"சார், நேத்து உங்களைப் பாத்தேன்."

"எங்கம்மா?"

"ஆர்ட் கேலரியில. சுவர்ல. இவ்வளவு பெருசா." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அது போதவில்லை போலிருக்கிறது, எழுந்து நின்று ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். "பனியனோட சார்."

அந்த லிப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிப்ட் நின்றாலும் போன் அவர் தலையில்தான் வந்து விழும். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அழுவார்கள், திட்டுவார்கள், வக்கீலைக் கூப்பிடுவேன் என்பார்கள். எல்லோரையும் "பதறாதீங்க, ஆள் கிளம்பிட்டாரு" என்று சமாதானப்படுத்த வேண்டும். ஆள் கிளம்பியிருக்க மாட்டான். கிளம்பாத மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து அவனுடைய புலம்பலையும் கேட்க வேண்டும். இப்படி நாள் முழுக்க ஊராருடைய குறையைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவர், வீட்டுப் படியேறியதும் காதுக்கு ஷட்டரை இறக்கிவிடுவார். யார் என்ன சொன்னாலும் "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"முக்குச் சரி என்றும் அர்த்தம், வேண்டாம் என்றும் அர்த்தம், நீ பேசுவதே என் காதில் விழவில்லை என்றும் அர்த்தம்.

ஆனால் பனியன் என்ற வார்த்தை மட்டும் காதில் நன்றாக விழுந்தது.

யார் வேலை என்று யோசிக்கத் தேவையே இல்லை. மனைவியின் தம்பி. குக்கர், செருப்பு, சோபா என்று விளம்பரப் புத்தகங்களுக்குப் படம் எடுத்துப் பிழைக்கிற பையன். ஞாயிற்றுக்கிழமையானால் அக்கா கையால் சாப்பிட வந்துவிடுவான். கழுத்தில் கேமரா தொங்கும். சாப்பிடும்போதும் தொங்கும். "குழம்புல விழுந்துடப் போவுதுடா" என்று அக்கா சொல்லாத வாரம் கிடையாது. அவன் அங்கே இங்கே கிளிக் கிளிக் என்று அடித்துக்கொண்டிருப்பதை இவர் கொசு பறப்பதைப் போலத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். இப்போதல்லவா தெரிகிறது, கொசு கடித்த இடம்!

மத்தியானம் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுக் கேலரிக்குப் போனார்.

உள்ளே ஏசி குளிர். காலடிச் சத்தம்கூடக் கேட்காத தரை. வரிசையாகப் படங்கள். காலியான பஸ் நிறுத்தம் ஒன்று, நனைந்த மாடிப்படி ஒன்று, யாரோ ஒருத்தியின் பிடரி ஒன்று. எல்லாம் கறுப்பு வெள்ளை. கலர் படம் எடுக்க வக்கில்லையா என்று நினைத்துக்கொண்டே திரும்பினார். கோடிச் சுவரில் அவரே உட்கார்ந்திருந்தார்.

ஆளுயரப் படம். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை. அதன் வலது கோடியில் அவர். தோள்பட்டையில் ஓட்டை விழுந்த பனியன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து, வாயைப் பாதி திறந்தபடி தன் மடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வயிறு மேசை விளிம்பில் சாய்ந்து ஓய்வெடுக்கிறது. உச்சந்தலையைக் காணோம், பிரேமுக்கு வெளியே போய்விட்டது. அட, தலையை வெட்டினானே, இடம் இல்லாமலா வெட்டினான்? இடது பக்கம் முழுக்க வெறும் சுவர், அதைத் தாண்டி ஒரு இருட்டு. பாதிப் படம் சும்மா கிடக்கிறது!

கீழே சின்ன அட்டை. 'ஞாயிறு, பிற்பகல்.'

அவருக்குக் காது மடல் சுட்டது. நல்லவேளை, முழுக்கைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக வந்திருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்காட்சிக்குப் பொறுப்பாக இருந்த அம்மாளைத் தேடிப் பிடித்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள், சுவரில் ஒரு படத்தின் கோணலைக் கட்டைவிரலால் நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்தப் படத்தைக் கழட்டணும்."

"எந்தப் படம்?"

"அதான்... பனியன்."

"ஏங்க? உங்களுக்கு அது தொந்தரவா இருக்கா?"

"தொந்தரவா? அது நான்!"

அம்மாள் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! வந்த இத்தனை பேர்ல அதிகம் பேர் நின்னு பாக்குறது உங்களைத்தான் தெரியுமா?"

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினாற்போல இருந்தது. எடுத்தவர் சொன்னால்தான் கழற்ற முடியும் என்று அம்மாள் சொல்லவே, வாசலுக்கு வந்து மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மாப்ள, என்னடா பண்ணி வெச்சிருக்க? என்னைக் கேக்க வேணாமா?"

"கேட்டேனே மாமா. லேப்டாப்புல காட்டினேன். 'இதை மாட்டலாமா மாமா?'ன்னு கேட்டேன். 'ம்ம்'ன்னீங்க."

"நான் எப்படா சொன்னேன்?"

"மேட்ச் பாத்துக்கிட்டு இருந்தீங்க. ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் 'ம்ம்'."

அவரால் அதற்கு மேல் அந்தத் திசையில் வாதாட முடியவில்லை. "சரி, தலையை ஏன்டா வெட்டின? பாதிச் சுவரை எதுக்குடா பிடிச்ச? குக்கர் படம்னா மூடியை விட்டுட்டா எடுப்ப?"

மறுமுனையில் அவன் பெருமூச்சு விட்டான். அக்காவின் புருஷனிடம் கோபப்பட முடியாதவனின் பெருமூச்சு அது. "மாமா, சனிக்கிழமை சாயங்காலம் அங்க ஒரு கூட்டம் இருக்கு. அந்த மேடம் பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டுப் போய் ஒவ்வொரு படமா நின்னு பேசுவாங்க. ஒரே ஒரு தடவை வாங்க. அதுக்கப்புறமும் வேணாம்னா நானே வந்து கழட்டிடறேன். நான் அன்னைக்கு வரமாட்டேன், நான் இருந்தா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

அன்று மாலை மனைவியிடம் பொரிந்து தள்ளினார். அவள் பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி என் மானத்தைக் கொண்டு போய்ச் சந்தியில மாட்டி வெச்சிருக்கான், தெரியுமா உனக்கு?"

"தெரியும். திறந்த அன்னைக்கே போயிட்டு வந்தேனே."

"எங்கிட்ட சொல்லவே இல்லை?"

"சொன்னேன்" என்றாள் அவள். கழற்றிய செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். 'ம்ம்' என்றேனா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"படம் எப்படி இருந்துச்சு?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்று பதில் வந்தது. கூடவே குழாய்த் தண்ணீர்ச் சத்தமும் வந்தது.

சனிக்கிழமை போனார். முடிவைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனார். கூட்டத்தில் ஒரு கல்லூரி விரிவுரையாளர், கேமரா வாங்கிப் புதிதாகப் பழகுகிற இரண்டு மூன்று பேர், மழைக்கு ஒதுங்கினாற்போல ஒரு தம்பதி, வங்கியில் வேலை பார்ப்பதாகச் சொன்ன ஒரு பெண். அந்த அம்மாள் இவரை அடையாளம் கண்டு வாயைத் திறக்கப் போனார். இவர் அவசரமாகக் கண்ணைக் காட்டித் தடுத்துவிட்டார்.

"முதல்ல அர்த்தத்துக்குப் போகாதீங்க" என்றார் அம்மாள். "என்ன இருக்குன்னு பாருங்க. கண்ணுல பட்டதை மட்டும் சொல்லுங்க. அர்த்தம் எங்கயும் ஓடிப் போயிடாது."

காலி பஸ் நிறுத்தத்தின் முன்னால் கால் கடுக்க நின்றார்கள். பெஞ்சில் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். அந்தத் தண்ணீரில் ஒரு விளக்கு தெரிகிறது என்று இன்னொருவர். விளக்கு நிஜத்தில் எங்கே என்று மூன்றாமவர் தேடினார். ஒரு பெஞ்சுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா! லிப்ட் நின்றுபோன கட்டடத்தில்கூட இதற்குள் ஆளை வெளியே எடுத்திருக்கலாம். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் அவருடைய படத்துக்கு வந்தார்கள். அவர் கூட்டத்தின் பின்வரிசைக்கு நழுவினார்.

விரிவுரையாளர் தொண்டையைச் செருமினார். "இது ஒரு தோற்றுப்போன மனிதனோட படம். அந்தத் தோளைப் பாருங்க. வாழ்க்கை அவரை நசுக்கிடுச்சு."

நசுக்கவுமில்லை, பிசுக்கவுமில்லை என்று அவர் பல்லைக் கடித்தார்.

"எனக்கென்னவோ அவருக்குப் பல்வலின்னு தோணுது" என்றார் தம்பதியில் கணவர். "வாயைப் பாருங்களேன்."

"சும்மா இருங்க" என்றாள் அவர் மனைவி.

"பிரார்த்தனை பண்றார். தலை குனிஞ்சிருக்கு இல்ல?" என்றான் கேமரா பழகுகிறவர்களில் ஒருவன்.

வங்கிப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "போறதா இருக்கறதான்னு தெரியாம நிக்கறாங்க. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

குருடர்கள் யானையைத் தடவினார்களாம். இங்கே கண் உள்ளவர்களே தடவுகிறார்கள்! அந்தப் பெண்ணுக்கு நிற்பதற்கும் உட்கார்வதற்கும்கூட வித்தியாசம் தெரியவில்லையே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு அடக்கியும் வாய் கேட்கவில்லை.

"ஏங்க, அந்த ஆளுக்குத் தோல்வியும் இல்லை, பல்வலியும் இல்லை. டிவி ரிமோட்டுக்கு பேட்டரி போட்டுக்கிட்டு இருக்காரு. மூடி கழண்டு மடியில விழுந்துடுச்சு. அதைத் தேடறாரு. அவ்வளவுதான் விஷயம்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"ரிமோட் எங்க சார் இருக்கு?" என்று கேமராப் பையன் படத்தை நெருங்கிப் போய்த் தேடினான்.

இவரும் பார்த்தார். மேசை விளிம்புக்குக் கீழே எதுவுமே தெரியவில்லை. ரிமோட் இல்லை. பேட்டரி இல்லை. ஒரு மனிதன் குனிந்திருக்கிறான், அவ்வளவுதான்.

"நீங்க சொல்றது படத்துக்கு வெளியில இருக்கு" என்றார் அம்மாள், நிதானமாக. "அது உண்மையா இருக்கலாம். உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்களேன்."

"உள்ள என்ன, ஒரு ஆள் இருக்கான். தொப்பை இருக்கு. பனியன்ல ஓட்டை இருக்கு. மிச்சம் பாதி சுவர்." பிறகு வங்கிப் பெண் பக்கம் திரும்பினார். "ஆமா, யாரு நிக்கறதா சொன்னீங்கம்மா? அவன்தான் உக்காந்திருக்கானே?"

அந்தப் பெண் அவரை வினோதமாகப் பார்த்தாள். "அவர் இல்லை சார். அவங்க."

"எவங்க?"

பல்வலிக்காரரின் மனைவி மெல்ல விலகி அவருக்கு வழி விட்டாள். விரிவுரையாளரும் நகர்ந்தார். அவர் படத்துக்கு முன்னால் போனார்.

இடது பக்கம் வெறும் சுவர். சுவர் முடிகிற இடத்தில் ஒரு கதவு நிலை. அதற்கு அப்பால் இருட்டு என்று அவர் முடிவு கட்டியிருந்த இடம். அந்த நிலைமேல் ஒரு கை. நாலு விரல்கள் மரத்தின் மேல் பதிந்திருந்தன. மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய வாட்ச். அப்படிக் கட்டுகிறவள் அவருக்குத் தெரிந்து ஒரே ஒருத்திதான். கண்ணை இருட்டுக்குப் பழக்கிப் பார்த்தால் மெதுவாக மற்றதும் கிடைத்தது: தோளில் மாட்டிய கைப்பையின் வார், வெளியே போகிற செருப்பு போட்ட ஒரு கால், பாதி முகம். ஒரு கண் மட்டும் வெளிச்சத்தில். அந்தக் கண் மேசையின் வலது கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு நேரம் இவர்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது இந்தப் படத்தைப் பற்றி. அவர் பார்த்துக்கொண்டிருந்தது தன் தொப்பையை.

"தலையை வெட்டினதாலதான் சார் நம்ம கண்ணு அந்தப் பக்கம் போகுது" என்றான் கேமராப் பையன், தானே கண்டுபிடித்துவிட்ட உற்சாகத்தில். "அவர் தலை முழுசா இருந்தா அங்கேயே நின்னுருக்கும். இந்தச் சுவரு சும்மா இல்லை சார், இது தூரம். அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற தூரம்."

வழக்கமாக இருந்தால் 'போடா, நீயும் உன் தூரமும்' என்று நினைத்திருப்பார். தன் வீட்டுச் சாப்பாட்டு அறையின் நீளம் அவருக்குத் தெரியும். நாலு எட்டு எடுத்துவைத்தால் கதவு வந்துவிடும். ஆனால் படத்தில் அந்தச் சுவர் போய்க்கொண்டே இருந்தது.

பொறுப்பாளர் அம்மாள் கூட்டத்தை அடுத்த படத்துக்கு நகர்த்திக்கொண்டு போனார். போகும்போது இவரிடம் தாழ்ந்த குரலில், "கழட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இருங்க மேடம்" என்றார் அவர், எரிச்சலோடு. அந்த எரிச்சல் யார் மேல் என்று அவருக்கே பிடிபடவில்லை.

வீட்டுக்குப் போனபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் எதிரே போய் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு எங்க கிளம்பின?"

"என்னைக்கு?"

"போட்டோவுல. கதவுகிட்ட பையை மாட்டிக்கிட்டு நிக்கறியே, அன்னைக்கு."

மடித்துக்கொண்டிருந்த துண்டு அவள் கையில் நின்றது. "ஓ. இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"இருட்டுல நின்னா எப்படித் தெரியும்?"

"மத்தவங்களுக்கெல்லாம் தெரிஞ்சுதே."

அவள் துண்டை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். "எங்க கிளம்பினேன்னு எனக்கே ஞாபகம் இல்லைங்க. கிளினிக் டாக்டர் பொண்ணு வீட்டுக்கா, துணிக்கடைக்கா, எங்கேயோ. நீங்களும் வர்றீங்களான்னு கேட்டிருப்பேன். ஞாயித்துக்கிழமை எப்பவும் கேக்கறதுதானே. பதில் வருமான்னு கொஞ்ச நேரம் நிப்பேன். அப்புறம் போயிடுவேன்."

"வாயைத் திறந்து சத்தமாக் கேட்டிருக்கலாமே?"

"லிப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு போன் பண்ணியிருக்கலாம். உடனே பேசியிருப்பீங்க."

சுரீர் என்றது. ஆனால் அவள் குரலில் அழுகை எதுவும் இல்லை. விலைவாசி பற்றிப் பேசுகிறவள் போலத்தான் பேசினாள். அதுதான் அவரை இன்னும் படுத்தியது. அழுதிருந்தால் "சரி சரி, அழாதே" என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"உன் தம்பிக்கு வேற படமே கிடைக்கலையா?" என்றார், பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று.

"கிடைச்சுது. அவன் மாட்டப் பாத்தது வேற. நீங்க மட்டும் இருக்கறது, முழு மூஞ்சியோட, சிரிச்ச மாதிரி. ரெண்டையும் எங்கிட்ட காட்டினான். நான்தான் இதை மாட்டுன்னு சொன்னேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளாக மச்சினனைத் திட்டித் தீர்த்ததெல்லாம் விலாசம் மாறிப் போயிருக்கிறது!

"நீயா? ஏன்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அதுல நான் இருக்கேன் இல்ல? அதான்."

அதற்கு மேல் ஒரு வரிகூட விளக்கம் சொல்லவில்லை. துணி அடுக்கைத் தூக்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் போய்விட்டாள். அந்த ஒரு வரியை அவர் இரவெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புரிந்ததுபோல இருந்தது. புரிந்தது என்று எண்ணுவதற்குள் நழுவியது. இப்படி அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போவது அக்காவுக்கும் தம்பிக்கும் குடும்ப வழக்கம் என்று கோபப்பட்டுக்கொண்டே தூங்கிப்போனார்.

மறுநாள் மத்தியானம் அவரே கேட்டார். "கேலரிக்குப் போகலாமா?"

"நான்தான் பாத்துட்டேனே."

"நான் உன்னோட பாக்கலையே."

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். ஆனாலும் கிளம்பினாள்.

தங்கள் படத்தின் முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். படத்தில் இருப்பதைவிட நெருக்கமாகத்தான் நின்றார்கள். ஆனால் பேச்சு என்னவோ சண்டையாகவே இருந்தது.

"தலையை இன்னும் ஒரு இஞ்ச் விட்டிருக்கலாம்" என்றார் அவர்.

"உங்க தலை அவ்வளவு முக்கியமில்லைங்க."

"உன் முகத்துல இன்னும் கொஞ்சம் வெளிச்சம் விழுந்திருக்கணும். நீ கோவமா இருக்கியா, அலுப்பா இருக்கியான்னே தெரியல."

"அன்னைக்கு எனக்கே தெரியல."

அவர் படத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "இப்ப?"

"இப்ப கால் வலிக்குது" என்றாள். ஆனால் சொல்லும்போது உதடு லேசாக வளைந்தது. அதை அவர் பார்த்தார். பார்த்ததை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வாசல் பக்கம் திரும்பியவர், நனைந்த மாடிப்படிப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"இதைப் பாரேன். படி நனைஞ்சிருக்கு. ஆனா நடுவுல மட்டும் காஞ்சிருக்கு. யாரோ உக்காந்திருந்து இப்பத்தான் எழுந்து போயிருக்காங்க."

"இல்லைங்க. ஒரு பெட்டியை வெச்சிருந்து எடுத்திருக்காங்க. ஓரம் நேரா இருக்கு பாருங்க."

"பெட்டியா? எந்தப் பைத்தியக்காரன் படி நடுவுல பெட்டியை வெப்பான்?"

"மேல தூக்க முடியாதவங்க வெப்பாங்க. லிப்ட் இல்லாத வீடா இருக்கும்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்துக்குள்ளேயே விழுந்துவிடுகிறவர் போலக் குனிந்தார். ஓரம் நேராகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மூலையில் கொஞ்சம் வளைவு தெரிந்தது, மனிதர்கள் உட்காருகிற இடத்தில்தான் அப்படி வளையும். அதை அவளிடம் காட்டினார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அவரும் விடவில்லை. காவலாளி வந்து மூடுகிற நேரமாகிவிட்டது என்றபோது, "ஒரு நிமிஷம் இருங்கய்யா, இந்தம்மாவுக்குச் சொன்னாப் புரிய மாட்டேங்குது" என்று அவரிடமும் சலித்துக்கொண்டார்.

"யாருக்குப் புரியல?" என்று மனைவி கைப்பையைக் காவலாளியின் நாற்காலியில் வைத்துவிட்டு, படத்தை இன்னும் கிட்டத்தில் பார்க்க வந்தாள்.